புகை ஒழியட்டும்; பிழைப்பு ஒழிய வேண்டாம்!

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஒரு டீக்கடை. இரவு ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்களும் காலையில் கடை திறக்கப் போகும் வியாபாரிகளும் ஒன்று சேரும் இடம். கடந்த மாதம் ஒரு நாள் அங்கே பெரும் வாக்குவாதம் நடந்தது.

"பாய், அடுத்த வண்டி கரண்ட் வண்டியா எடுத்துடுங்க. பெட்ரோலுக்குக் கொட்டுற காசெல்லாம் மிச்சம்" என்றார் கார் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கும் இளைஞர்.

"அட போ தம்பி. வெயில்ல நிறுத்தினா பத்திக்கும். பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சு. அந்தக் கரண்டும் நிலக்கரியிலதானே வருது?" என்றார் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் பெரியவர்.

இளைஞர் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் பெரியவர் கேட்டார்: "சரி தம்பி, எல்லாரும் அந்த வண்டிக்கு மாறிட்டா என் கடையில பிஸ்டன் யாரு வாங்குவா? பிஸ்டன் செய்யற கம்பெனியில உன் தம்பிக்கு வேலை இருக்குமா?"

அத்தனைக்கும் பதில் வைத்திருந்த இளைஞர் இந்தக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை. டீக்காசைக் கொடுத்து விட்டுப் போய் விட்டார்.

சகோதரர்களே! இந்த வாக்குவாதம் ஒரு டீக்கடையோடு முடிகிற விஷயமல்ல. கார் வாங்குகிறவனுக்கு இது விருப்பம் சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஆனால் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, வல்லம் வடகால் முதல் மறைமலை நகர் வரை கார் செய்து வயிறு வளர்க்கும் மக்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. எனவே இரு தரப்பு வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அலசுவோம். எது உண்மை, எது பூச்சாண்டி என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

வியாபாரி எதையும் கணக்குப் போட்டுத் தான் நம்ப வேண்டும். விளம்பரத்தையும் நம்பக் கூடாது. செல்போனில் வரும் வதந்தியையும் நம்பக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் சரக்கு எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் நாள் ஒன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். மாதத்தில் 25 நாட்கள் என்றால் 2,000 கிலோமீட்டர். அவருடைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதச் செலவு ஏறத்தாழ 13,300 ரூபாய்.

அதே தூரத்தை மின்சாரக் காரில் ஓட்டினால்? ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும் போது வீணாவதையும் சேர்த்தால் 315 யூனிட் தேவை. வீட்டு மின்கட்டணம் மேல் அடுக்குக்குப் போய் விடும் என்பதால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போடுவோம். 3,150 ரூபாய். மாதம் பத்தாயிரம் ரூபாய் மிச்சம்!

காரின் விலை கூடுதலாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி தான். ஒரே அளவுள்ள பெட்ரோல் காரை விட மின்சாரக் கார் நான்கு லட்சம் அதிகம் என்று வைத்துக் கொள்வோம். மாதம் பத்தாயிரம் வீதம் நாற்பது மாதங்களில் அந்தப் பணம் திரும்பி விடும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகின்றன. இந்த வியாபாரி 1,60,000 கிலோமீட்டரைத் தொட எண்பது மாதங்கள் ஆகும். அதாவது போட்ட பணம் திரும்பி வந்த பிறகும் இன்னொரு நாற்பது மாதங்கள் உத்தரவாதத்தின் பாதுகாப்பிலேயே அவர் இலாபத்தில் ஓட்டலாம்.

ஆனால் இதே கணக்கை வேறொருவருக்குப் போட்டுப் பாருங்கள். கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்யாணம், மருத்துவமனை, சொந்த ஊர் என்று மாதம் 500 கிலோமீட்டர் தான் ஓட்டுகிறார். அவருக்கு மாதம் மிச்சமாவது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தான். நான்கு லட்சத்தைத் திரும்ப எடுக்க அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும்! அவருக்கு மின்சாரக் காரை வாங்கச் சொல்கிறவர் அவருடைய நண்பராக இருக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வாடகை வீட்டில் இருந்து கொண்டு தெருவில் கார் நிறுத்துகிறவர் வீட்டில் சார்ஜ் செய்ய முடியாது. சாலையோர அதிவேக சார்ஜ் நிலையத்தில் வரியோடு சேர்த்து யூனிட் 24 ரூபாய் என்று கொடுத்தால் 2,000 கிலோமீட்டருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகி விடும். நாற்பது மாதக் கணக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக நீளும்.

நான்கு லட்சத்தை வட்டிக்கு வாங்கி நிரப்பினாலோ கணக்கு இன்னும் மோசமாகும். வட்டியை விட்டு விலகி நிற்க வேண்டிய நாம், "மாதத் தவணை தானே" என்று எண்ணி அதற்குள் விழுந்து விடக் கூடாது. காரை மட்டும் விலைக்குக் கொடுத்து, பேட்டரிக்குக் கிலோமீட்டர் வீதம் வாடகை வாங்கும் திட்டமும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. நிறுவனம் தனது விண்ட்சர் காரை இப்படித் தான் அறிமுகப்படுத்தியது. கார் 9.99 லட்சம், பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். மின்சாரச் செலவு இதற்கு மேல் தனி. இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள்.

எனவே "எது சிறந்தது?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதே தவறு. "நான் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறேன்? எங்கே சார்ஜ் செய்வேன்?" இந்த இரண்டு கேள்விகளைத் தான் கேட்க வேண்டும். நாள் தோறும் ஓடுகிறவருக்கு, சொந்த இடத்தில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு, மின்சாரக் கார் தான் சிறந்தது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏழை சொன்ன தீர்ப்பு

"இது பணக்காரர்களின் பொம்மை" என்று ஏளனம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2019ல் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி வந்த ஹூண்டாய் கோனா மின்சாரக் காரின் விலை 25 லட்சத்தைத் தாண்டியது. அப்போது இவர்கள் சொன்னது சரி தான். ஆனால் 2022ல் டாடா டியாகோ மின்சாரக் கார் எட்டரை லட்சத்துக்கும் குறைவான தொடக்க விலையில் வந்தது. 2025 ஜனவரியில் அதே ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து கிரெட்டாவின் மின்சார வடிவம் 17.99 லட்சத்தில் வெளிவந்தது.

2024ல் இந்தியாவில் விற்ற நூறு கார்களில் மின்சாரக் கார் மூன்றைக் கூடத் தொடவில்லை. ஆனால் அதே ஆண்டில் விற்ற மூன்று சக்கர வாகனங்களில் பாதிக்கு மேல் மின்சார வாகனங்கள்! அதை வாங்கியவர்கள் யார்? வடநாட்டு நகரங்களில் ஈ-ரிக்ஷா ஓட்டி அன்றாடம் பிழைப்பவர்கள். சுற்றுச்சூழல் மாநாட்டில் பேசுவதற்காக அவர்கள் வாங்கவில்லை. மாலையில் வீடு திரும்பும் போது பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்து வாங்கினார்கள். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்பவன் கொடுத்த தீர்ப்பு இது. இதை விடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

நிலக்கரி வாதம்

"கரண்டும் நிலக்கரியில் தானே வருகிறது? பிறகென்ன சுத்தம்?" என்ற கேள்வி அறிவுப்பூர்வமானது போல் தோன்றும். இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை தான் முழுப் பொய்யை விட ஆபத்தானது.

இந்தியாவின் மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியிலிருந்து தான் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும் போது சராசரியாக 700 கிராமுக்குச் சற்று அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படியானால் நம் மின்சாரக் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 115 கிராம். பெட்ரோலோ ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ வெளியாகும். பதினைந்து கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 150 கிராமுக்கு மேல். கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் கொண்டு வந்து, சுத்திகரித்து, லாரியில் ஏற்றி வரும் புகை இந்தக் கணக்கில் இல்லை.

நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் மின்சாரக் கார் குறைவாகத் தான் மாசுபடுத்துகிறது. காரணம் எளிமையானது. பெட்ரோல் என்ஜின் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் குடித்தால் எழுபது ரூபாய்க்கு மேல் சூடாகவே வீணாகிறது. என்ஜினும் சைலன்சரும் கொதிப்பது நீங்கள் கொடுத்த காசில் தான். மின்சார மோட்டார் வாங்கிய சக்தியில் பெரும் பகுதியைச் சக்கரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறது.

ஆனால் "புகையே இல்லாத வாகனம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பித்தலாட்டம்! ஒரகடம் சாலையில் புகை இல்லை என்பது உண்மை தான். அந்தப் புகையில் ஒரு பகுதி எண்ணூருக்கு இடம் மாறியிருக்கிறது. அனல் மின்நிலையச் சாம்பலைச் சுவாசிக்கும் எண்ணூர் மக்களிடம் போய் "புகையே இல்லை" என்று சொல்ல முடியுமா? பேட்டரி செய்யும் போதும் கூடுதலாக மாசு உண்டாகிறது. அதை ஈடுகட்ட அந்தக் கார் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியாக வேண்டும்.

இருந்தாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இன்று வாங்கிய பெட்ரோல் கார் பத்து ஆண்டுகள் கழித்து இன்றை விட அதிகமாகத் தான் புகை கக்கும். மின்சாரக் காரோ, மின்சாரம் சுத்தமாக ஆக தானும் சுத்தமாகும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் சுழலும் காற்றாலைகளைக் கொண்ட தமிழகத்தில் காற்றாலைத் திறன் மட்டுமே பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி விட்டது. அது வளர வளர நிலக்கரி வாதம் வலுவிழந்து கொண்டே போகும்.

தீப்பிடிக்கும் என்ற அச்சம்

இது வெறும் வதந்தி என்று ஒதுக்கி விட முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி அந்தப் புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். இரண்டு உயிர்கள்! அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகு தான் மத்திய அரசு விழித்துக் கொண்டு பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தது. மக்கள் செத்த பிறகு விதி எழுதும் அரசைக் கண்டிக்கத் தான் வேண்டும்.

ஆனால் அதை வைத்து எல்லா மின்சார வாகனமும் வெடிக்கும் என்பது என்ன நியாயம்? பெட்ரோல் கார்கள் சாலையில் எரிவதை நாம் பார்த்ததே இல்லையா? நாற்பது லிட்டர் பெட்ரோலை இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கொண்டு ஓட்டுகிறோம். பழகி விட்டதால் பயம் தெரியவில்லை. இன்று பல கார்களில் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, மற்ற லித்தியம் பேட்டரிகளை விட வெப்பத்தைத் தாங்கக் கூடியது. செய்ய வேண்டியது இது தான்: அங்கீகாரம் இல்லாத மலிவு பேட்டரியை வாங்காதீர்கள். முறையான எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் சார்ஜ் போடாதீர்கள். தூங்கும் அறையிலும் வெளியேறும் வாசலிலும் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டு விட்டுத் தூங்காதீர்கள்.

எண்ணெய் யாருடையது? பேட்டரி யாருடையது?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எண்ணெய்க்காக நடந்த அழிவுகளை நம் குடும்பங்கள் நேரில் கண்டவை. 1990ல் குவைத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உடுத்திய துணியோடு திரும்பினார்கள். நம் ஊர்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. மறு ஆண்டு குவைத்தின் எண்ணெய்க் கிணறுகள் மாதக் கணக்கில் எரிந்தன. இங்கே பெட்ரோல் விலை ஏறி இறங்குவது நம் கையில் இல்லை.

"மின்சாரக் காருக்கு மாறினால் வளைகுடா நாடுகள் என்னாகும்?" என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மின்சாரக் கார் தயாரிக்கும் அமெரிக்காவின் லூசிட் நிறுவனத்தில் பெரும் பங்கு சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியிடம் இருக்கிறது. 2023ல் சவூதியிலேயே அதற்கு ஆலை திறந்து விட்டார்கள். எண்ணெய் விற்றுப் பணக்கார நாடான நார்வேயில் 2024ல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 88க்கு மேல் மின்சாரக் கார்கள். எண்ணெய் விற்பவனே அடுத்த கடையைத் திறந்து விட்டான். வாங்குபவன் பழைய கடை வாசலிலேயே நிற்க வேண்டுமா?

அதே நேரத்தில் எதிர்த் தரப்பின் ஒரு வாதத்தை ஒப்புக் கொண்டே ஆக வேண்டும். எண்ணெய்க்கு வளைகுடாவிடம் கையேந்தியவர்கள் பேட்டரிக்குச் சீனாவிடம் கையேந்துகிறோம். 2025 ஏப்ரலில் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும் இங்குள்ள கார் நிறுவனங்கள் கையைப் பிசைந்தன. சில வகை பேட்டரிகளுக்குத் தேவையான கோபால்ட், காங்கோ நாட்டில் சிறுவர்களையும் வேலை வாங்கும் சுரங்கங்களிலிருந்தும் வருகிறது. ஆனால் பெட்ரோல் எரித்தால் முடிந்தது; நாளை மீண்டும் வாங்க வேண்டும். பேட்டரி ஒரு முறை வாங்கினால் ஆண்டுக் கணக்கில் உழைக்கும். பிறகும் அதிலுள்ள உலோகத்தை உருக்கி எடுக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட்டே கிடையாது. இரண்டும் அடிமைத்தனம் தான் என்றாலும் இரண்டாவதிலிருந்து விடுபட வழி இருக்கிறது.

பெரியவர் கேட்ட கேள்வி

இனி அந்த இளைஞரின் வாயை அடைத்த கேள்விக்கு வருவோம். மின்சாரக் காரை ஆதரித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

மின்சாரக் காரில் பிஸ்டன் இல்லை. வால்வு இல்லை. கிளட்ச் இல்லை. ஸ்பார்க் பிளக் இல்லை. சைலன்சர் இல்லை. பெட்ரோல் டாங்கி இல்லை. என்ஜின் ஆயிலும் ஆயில் பில்டரும் இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் கட்டை கூட மெதுவாகத் தான் தேயும். இந்த ஒவ்வொரு "இல்லை"க்கும் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது. ஒரு கடை இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய என்ஜினைப் பிரித்து விற்பவர் முதல் படப்பையில் ஆயில் மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக் வரை எத்தனை குடும்பங்கள்! இந்தத் தொழிலில் நம் சமுதாயத்தவர் எவ்வளவு பேர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் மாறினால் ஆலை என்னாகும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரே சாட்சி. 2006ல் இங்கே நோக்கியா ஆலை வந்தது. ஒரு காலத்தில் எட்டாயிரம் பேர் வேலை செய்தார்கள். பெண்களும் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். தொடுதிரைப் போன் வந்தது. பட்டன் போனின் மவுசு போனது. நோக்கியா தனது போன் தொழிலை மைக்ரோசாப்டிடம் விற்றது. வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் கதவு மூடப்பட்டது. "தொடுதிரைப் போன் சிறந்ததா, பட்டன் போன் சிறந்ததா?" என்ற விவாதத்தில் யார் வென்றார்கள் என்பது அந்தத் தொழிலாளர்களுக்கு என்ன பயன் தந்தது?

மறைமலை நகர் போர்டு ஆலையைப் பாருங்கள். 2021ல் மூடப் போவதாக அறிவித்தார்கள். 2022ல் உற்பத்தி நின்றது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேறினார்கள். அந்த ஆலையை மூடியது மின்சாரக் கார் அல்ல, நட்டம். 2025 அக்டோபரில் அதே ஆலையை மீண்டும் திறக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். எதற்குத் தெரியுமா? 2029 முதல் என்ஜின் செய்வதற்கு! ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள். எனவே "பெட்ரோல் என்ஜின் நாளையே செத்து விடும்" என்பவர்களும் உளறுகிறார்கள். 2025ல் கூட நூறு கார்களில் சுமார் நான்கு தான் மின்சாரக் கார். இப்போது ஓடும் கோடிக் கணக்கான பெட்ரோல் வண்டிகளுக்கு இன்னும் பல ஆண்டுகள் பழுது பார்க்க ஆள் வேண்டும்.

அதாவது நமக்கு அவகாசம் இருக்கிறது. நோக்கியா தொழிலாளிக்குக் கிடைக்காத அவகாசம்! அதை டீக்கடை வாக்குவாதத்தில் வீணாக்கப் போகிறோமா? என்பது தான் நாம் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் இளைஞர்களுக்கு. மின்சாரக் காரில் எல்லாமே போய் விடவில்லை. டயர் வேண்டும், கண்ணாடி வேண்டும். ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலையும் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலையும் மின்சாரக் காருக்கும் தேவைப்படும். பேட்டரியின் பாரத்தால் டயர் இன்னும் சீக்கிரம் தேயும். ஏ.சி., சஸ்பென்ஷன், பெயின்டிங், டிங்கரிங் எதுவும் போகவில்லை. புதிதாக வருபவை மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி, அவற்றை ஆட்டி வைக்கும் மின்னணுப் பலகைகள்.

ஆனால் எச்சரிக்கை! மின்சாரக் காரின் பேட்டரியில் 300, 400 வோல்ட் நேர் மின்சாரம் இருக்கிறது. ஆரஞ்சு நிற ஒயரைப் பழைய பழக்கத்தில் கையால் பிடித்து இழுத்தால் உயிர் போய் விடும். "பார்த்துப் பார்த்துக் கத்துக்குவேன்" என்ற பழைய முறை இதில் செல்லாது. முறையாகப் படித்தாக வேண்டும். ஐ.டி.ஐ.க்களில் மின்வாகன மெக்கானிக் படிப்பு வந்து விட்டது. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தில் 2023ல் ஒரகடம் ஐ.டி.ஐ.யிலேயே ஒரு மையத்தைத் திறந்தது. வாசலில் இருக்கும் கல்வியை விட்டு விட்டு, பத்தாம் வகுப்போடு நின்று ஒப்பந்த வேலைக்கு ஓடும் தம்பிகளே, இரண்டாண்டுகள் பொறுத்துக் கொள்ளக் கூடாதா?

அடுத்து வியாபாரிகளுக்கு. உதிரி பாகக் கடையை மூடச் சொல்லவில்லை. ஆனால் இன்று பிஸ்டனுக்கும் கிளட்சுக்கும் போடும் முதலில் ஒரு பங்கைச் சார்ஜர், கேபிள், மின்சார ஆட்டோ உதிரி பாகங்கள் பக்கம் திருப்புங்கள். முதல் மாற்றம் காரில் அல்ல, மூன்று சக்கர வாகனத்தில் தான் வந்திருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர்கள் பழைய பேட்டரியை உரிமம் இல்லாமல் உடைக்க வேண்டாம். விபத்தும் வழக்கும் சேர்ந்தே வரும். உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலைகளுக்குச் சேகரித்துக் கொடுப்பதே ஒரு தொழில் தான்.

ஜமாஅத்துகளும் சிந்திக்க வேண்டும். ஒரு மெக்கானிக் மின்சார வண்டி பார்க்கக் கற்றுக் கொண்டாலும், மின்காப்புக் கையுறையும் சோதனைக் கருவியும் வாங்கப் பணமில்லாமல் வட்டிக்காரனிடம் போய் நிற்கிறார். பைத்துல்மால் நிதியிலிருந்து இவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தால் ஒரு குடும்பத்தையே காப்பாற்றியதாகும்.

கடைசியாக அரசுக்கு. 2023ல் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில் ஐம்பதாயிரம் கோடி முதலீடும் ஒன்றரை லட்சம் வேலைகளும் வரும் என்று தமிழக அரசு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் தூத்துக்குடியில் வரும் வேலை ஒரகடத்தில் வேலை இழப்பவருக்குச் சோறு போடாது. நிலமும் வரிச் சலுகையும் வாங்கும் நிறுவனங்களிடம் அரசு ஒரு நிபந்தனை போட வேண்டும். என்ஜின் பிரிவிலிருந்து நீக்கப்படும் தொழிலாளிக்கு நிறுவனத்தின் செலவில் மறுபயிற்சி கொடுக்க வேண்டும். புதிய பிரிவில் முதல் உரிமை அவருக்குத் தான். இந்த உரிமை நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும். ஆலை மூடும் போது நிரந்தரத் தொழிலாளிக்கு நட்டஈடு பேச ஒரு சங்கமாவது இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாள் கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவு தான்!

சகோதரர்களே! மின்சாரக் கார் சிறந்ததா என்று கேட்டால், நாள் தோறும் ஓடுகிறவருக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் சிறந்தது தான் என்பதே நம் பதில். வெடிக்கும், பயனில்லை, சதி என்று பூச்சாண்டி காட்டி அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. ஆனால் சிறந்த கார் வந்தது என்பதற்காக அதைச் செய்தவனின் அடுப்பு அணைய வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் மீண்டும் கேட்பார். அப்போது "உங்கள் கடையில் நாளை எதை விற்பீர்கள் என்று யோசித்து விட்டோம் பாய், என் தம்பி ஒரகடம் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான்" என்று அந்த இளைஞர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லத் தயாராவோம்!